கருணைப் பிரதி

இனி எந்தக் குடிமகனையும் எந்தப் பொது அறிவுத் தளத்திலிருந்தும் தடை செய்யக் கூடாது என்று சட்டம் வந்தபோது, பொதுக்களஞ்சியத்தின் நிர்வாகிகள் வீட்டில் இழவு விழுந்தது போல ஆனார்கள். தடை செய்வதுதான் அந்தப் பதவியில் இருந்த ஒரே சுகம். சம்பளம் கிடையாது, நாற்காலி கிடையாது, வீட்டில் மரியாதையும் கிடையாது. ஒரு பொத்தான் இருந்தது. அதையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

பொதுக்களஞ்சியம், யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் எழுதியதையும் யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்ற ஏற்பாட்டில் ஓடுகிற இணையக் கலைக்களஞ்சியம். ஒரு காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் மட்டும்தான் அதைப் பார்த்துக் காப்பி அடித்தார்கள். இப்போது பேசுகிற இயந்திரங்கள் எல்லாம் காப்பி அடித்தன. பேருந்தில் ஊர்ப்பெருமை சொல்லும் குரல், ஆஸ்பத்திரி வாசலில் ‘எங்கே வலிக்கிறது’ என்று விசாரிக்கும் திரை, அடுப்படியில் நிற்கும் ஃபிரிட்ஜ், எல்லாம் அங்கேதான் போய்க் கேட்டுக்கொண்டு வந்து நம்மிடம் சொல்லும். காலையில் ஒருவர் விளையாட்டாக ‘தக்காளி மரத்தில் காய்க்கும்’ என்று எழுதிவைத்தால், விளக்கு வைப்பதற்குள் தமிழ்நாட்டு ஃபிரிட்ஜ்கள் அத்தனையும் அதையே ஓதும். ஆகவே விஷமிகளைச் சமாளிப்பது தலைபோகிற காரியம்.

அந்த நெருக்கடியில் வழி கண்டுபிடித்தவர் ஆழிமுத்தன். களஞ்சியத்தில் எல்லோருக்கும் இப்படி முழங்குகிற புனைபெயர்தான். ஆழிமுத்தனின் அப்பா அம்மா வைத்த பெயர் ரமேஷ்குமார். டாலஸ் நகரத்தில் குளிர்சாதனப் பெட்டிகளுக்கு மென்பொருள் எழுதினார். மூத்த நிர்வாகி என்று ஒரு பதவியை அவர்தான் உண்டாக்கினார், அவர்தான் வகித்தார்.

நிர்வாகிகள் திரையில் கூடிய கூட்டத்தில் அவர் விளக்கினார்: தடை வேண்டாம். தொல்லை கொடுப்பவருக்குக் களஞ்சியம் முழுவதையும் அப்படியே ஒரு பிரதி எடுத்துக் கொடுத்துவிடுவோம். அவர் அதில் என்ன வேண்டுமானாலும் எழுதட்டும். அவருக்குத் தாம் நிஜக் களஞ்சியத்தில்தான் எழுதுகிறோம் என்று தோன்றும். கூட எழுதுவதற்கு, பாராட்டுவதற்கு, பணிவாக விவாதிப்பதற்கு இயந்திரத் துணைவர்கள் ஒரு டஜன் பேரைப் போட்டுவிடுவோம். அவர் சந்தோஷமாக இருப்பார். நாமும் நிம்மதியாக இருப்போம்.

“அப்போ அவர் எழுதறது யாருக்குமே தெரியாதா?” என்று கேட்டாள் நிர்வாகிகளில் ஒருத்தியான சுடர்க்கொடி.

“அவருக்குத் தெரியும்ல?”

“அவருக்குத் தெரியும். படிக்கறதுக்கு ஒரு ஆள்கூட இல்லையே சார்.”

“சுடர், தமிழ்ல எழுதற பாதிப் பேரோட நிலைமை அதுதானேம்மா. இவருக்காவது ஒரு டஜன் பேர் இருக்காங்க.”

கூட்டம் சிரித்தது. பெயர் வைப்பதில்தான் மூன்று அமர்வுகள் போயின. ‘நிழல் பிரதி’ என்றால் அமங்கலம் என்றார் ஒருவர். ‘தனியறை’ என்றால் சிறைவாடை அடிக்கிறது என்றார் இன்னொருவர். கடைசியில் வாக்கெடுப்பில் ‘கருணைப் பிரதி’ ஜெயித்தது. தங்கள் பெருந்தன்மையை நினைத்துச் சிலருக்குக் கண்கூடக் கலங்கியது.

சுடர்க்கொடிக்குக் கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு வேலை. பகலில் குறையுள்ள பம்புகளைத் திருப்பி அனுப்புவாள். சாயங்காலம் குறையுள்ள வாக்கியங்களை. நாற்பத்தோரு வயது. கணவன் இருந்தான், இப்போது வேறொரு ஊரில் வேறொருத்தியுடன் இருக்கிறான். ‘உங்கூட ஒரு வாய் காப்பி குடிக்க முடியல, அதுலயும் குத்தம்’ என்பதுதான் அவன் போகும்போது சொன்ன காரணம். காப்பியில் அன்றைக்கு டிகாஷன் நிஜமாகவே தண்ணியாகத்தான் இருந்தது.

கருணைப் பிரதிக்கு முதன்முதலில் அனுப்பப்பட வேண்டியவர் யார் என்பதில் கூட்டத்தில் இரண்டு கருத்து இருக்கவில்லை. ‘பொங்கியண்ணன், உதவிப் பொறியாளர் (ஓய்வு), மின்வாரியம்.’ இது முழுவதும் அவருடைய பயனர் பெயர். எல்லோரும் ஆழியிலும் மலையிலும் பெயர் தேடிக்கொண்டிருக்க, இவர் மட்டும் வாசலில் மாட்டியிருந்த பலகையை அப்படியே கழற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

அவர் செய்த குற்றம் இதுதான். ‘தூக்கம்’ கட்டுரையில், மூளை அலைகளைப் பற்றிய பத்திக்குக் கீழே, ‘மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஃபேனை மூன்றில் வைத்துத் தூங்குவதே சிறந்தது. ஐந்தில் வைத்தால் கழுத்துப் பிடிக்கும்’ என்று எழுதினார். ‘பூனை’ கட்டுரையில், ‘இதை நாம் வளர்ப்பதாக நினைக்கிறோம்’ என்று ஒரு வரி. ‘மின்வெட்டு’ கட்டுரையின் முதல் வாக்கியமாக, ‘இது பெரும்பாலும் யாருடைய தவறும் அல்ல.’ ‘திருமணம்’ கட்டுரையில், சடங்குகள், சட்டங்கள், புள்ளிவிவரங்கள் எல்லாம் முடிந்த பிறகு, ‘முதல் சில வருடங்கள் சண்டை. அப்புறம் அந்தச் சத்தம் இல்லாவிட்டால் வீடு வீடாக இராது’ என்று போட்டார்.

அழித்தார்கள். திரும்பப் போட்டார். ஆதாரம் கேட்டார்கள். ‘என் வீடு’ என்று பதில் எழுதினார். மறுபடி அழித்தார்கள். ‘நீங்கள் கல்யாணம் ஆனவரா? இல்லாவிட்டால் ஆனவரை அனுப்பவும்’ என்று உரையாடல் பக்கத்தில் எழுதினார். அழித்தவர் சுடர்க்கொடி. அனுப்புவதற்கு அவளிடம் ஆள் இல்லை.

அவரைப் பிரதிக்கு அனுப்பும் புதுப் பொத்தானை அழுத்தியதும் அவள்தான். ஒன்றுமே நடக்கவில்லை. எந்தச் சத்தமும் இல்லாமல் ஒரு மனிதர் இந்த உலகத்திலிருந்து இன்னொன்றுக்குக் குடிபெயர்ந்தார், அவருக்கே தெரியவில்லை.

விதிப்படி, பிரதியில் இருப்பவர் நலமாக இருக்கிறாரா என்று நிர்வாகி ஒருவர் அவ்வப்போது உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். அதற்காகத் துணைவர்களில் ஒரு பெயரைக் காலியாக விட்டிருந்தார்கள்: வளர்பிறை. அந்தப் பெயரைப் போர்த்திக்கொண்டு போகலாம், பார்க்கலாம், வரலாம். எதையும் தொடக் கூடாது.

ஒரு மாதம் கழித்து சுடர்க்கொடி உள்ளே போனாள். பொங்கியண்ணன் ‘தேங்காய்’ கட்டுரையைப் புதிதாக எழுதியிருந்தார். காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பது, சுண்டிப் பார்ப்பது, கடைக்காரர் முகத்தைப் பார்ப்பது என்று வாங்குவதில் மூன்று முறைகள் இருப்பதாகவும், மூன்றாவதே நம்பகமானது என்றும் இருந்தது. கீழே பதினோரு இயந்திரங்கள் வரிசையாக நின்று நன்றி தெரிவித்திருந்தன. ‘அருமையான பங்களிப்பு!’ ‘தமிழுலகம் உங்களுக்குக் கடமைப்பட்டுள்ளது!’ ஒரு தங்கப் பதக்கம் வேறு.

சுடர்க்கொடி படித்தாள். படித்து முடித்து வெளியே வந்திருக்க வேண்டும். ஆனால் பல வருடமாக ஆதாரமில்லாத வாக்கியத்தைக் கண்டால் விரல் தானாகப் போகிற உடம்பு அது. கடைக்காரர் முகம் பற்றிய வரிக்குப் பக்கத்தில் ‘மேற்கோள் தேவை’ என்று முத்திரை குத்திவிட்டாள். ஒரு மனிதரும் வாசிக்கப்போவதில்லை என்று அவளே உறுதி செய்த ஒரு பக்கத்துக்கு ஆதாரம் கேட்கிற பைத்தியக்காரத்தனத்தை ஒரு களஞ்சிய நிர்வாகியைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது.

என்ன செய்தோம் என்று அவளுக்கு உறைப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

‘வளர்பிறை அவர்களே, நீங்கள் கடைசியாக எப்போது தேங்காய் வாங்கினீர்கள்?’

‘அது உங்களுக்குத் தேவையில்லாத விஷயம். ஆதாரம் இருக்கிறதா, இல்லையா?’

‘உங்களுக்கு அழுகல் தேங்காய் கொடுத்திருக்கிறார்கள். கோபத்திலேயே தெரிகிறது.’

அந்த வாரம் அவள் வாங்கிய தேங்காய் அழுகல்தான். சுடர்க்கொடிக்குச் சுர்ரென்று ஏறியது. ஒரு மணி நேரம் சண்டை போட்டாள். முடிவில் அவர் எழுதினார்: ‘சரி, இன்றைக்கு இது போதும். சாப்பிட்டீர்களா?’

அது அவருடைய வழக்கம். அவள் எவ்வளவு கேவலமாகத் திட்டினாலும் கடைசியில் ‘சாப்பிட்டீர்களா’ என்று ஒரு கேள்வி. கையில் ஊறிய பழக்கம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். சிலர் கடிதத்தின் கீழே ‘இப்படிக்கு’ என்று போடுவதில்லையா, அது போல.

எப்போதாவது போக வேண்டியவள் வாராவாரம் போனாள். அப்புறம் தினமும். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, செருப்பைக் கழற்றி, காப்பியைக் கலந்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அவர் தன் ஊரான கரட்டுப்பாளையத்தைப் பற்றிப் பெரிய கட்டுரை ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார். பஸ் ஸ்டாண்டு, பெட்ரோல் பங்க், ‘எதிர்வீட்டாருக்குக் கேட்கும்படி பாடும்’ டெய்லர், டிரான்ஸ்ஃபார்மரின் அடியில் படுத்திருக்கும் நாய். ‘நாய் எப்படிக் களஞ்சியத்தில் வரும்?’ என்றாள். ‘எம்.எல்.ஏ. வருகிறார். நாய் தினமும் ஊரில் இருக்கிறது’ என்றார். அவள் நாயை நீக்கினாள். அவர் போட்டார். கடைசியில் நாயின் நிறம் பற்றி இரண்டு பேரும் சமரசத்துக்கு வந்தார்கள்.

ஒரு தடவை டைபாய்டு வந்து அவள் இரண்டு வாரம் போல எழுந்திருக்கவில்லை. நிஜக் களஞ்சியத்தில் அவள் வராததை யாரும் கவனிக்கவில்லை. ஆழிமுத்தன் மட்டும் ‘செயலற்ற நிர்வாகிகளுக்கு எச்சரிக்கை’ என்று எல்லோருக்கும் போகிற பொதுச் செய்தியை அனுப்பியிருந்தார். கொஞ்சம் தேறியதும் தலையணையைச் சாய்த்துக்கொண்டு பிரதிக்குள் எட்டிப் பார்த்தாள். ‘மின்சாரம்’ கட்டுரையில், மின்சாரம் செவ்வாய்க்கிழமைகளில் சற்று வேகமாக ஓடும் என்று எழுதியிருந்தது. முப்பது வருடம் மின்வாரியத்தில் இருந்த மனுஷன்! அவளுக்கு வந்த கோபத்தில் மிச்சமிருந்த காய்ச்சல் போன இடம் தெரியவில்லை. எழுந்து உட்கார்ந்து, கஞ்சியைக் குடித்துவிட்டு, இரண்டு பக்கத்துக்குக் கிழித்துத் தள்ளினாள். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ‘தவறுதான். திருத்தியதற்கு நன்றி. சாப்பிட்டீர்களா?’ என்று மட்டும் எழுதினார்.

இப்படியே நாலு வருடம் ஓடியது. அப்புறம் சட்டம் மாறியது.

பழைய பொத்தான் திரும்பக் கிடைத்த அன்றைக்கு நிர்வாகிகள் கூட்டத்தில் இனிப்புப் படங்கள் பறந்தன. ஆழிமுத்தன் பட்டு ஜிப்பாவில் வந்திருந்தார்.

“தடை செய்யும் உரிமை மீண்டும் நம்மிடமே வந்துவிட்டது” என்றார். “ஆகவே கருணை இனித் தேவைப்படாது. எல்லாப் பிரதிகளையும் வெள்ளிக்கிழமை அழித்துவிடுகிறோம்.”

“உள்ள இருக்கறவங்ககிட்ட என்ன சார் சொல்றது?” என்று கேட்டாள் சுடர்க்கொடி.

“தொழில்நுட்பக் கோளாறுன்னு ஒரு அறிவிப்பு போட்டுடலாம்.”

“நாலு வருஷமாவா கோளாறு? அவர் எழுதினது அத்தனையும் போயிடும். கூட இருந்தவங்க எல்லாம் மெஷினுன்னு தெரிஞ்சா அந்த மனுஷன் என்ன ஆவார்?”

“எந்த மனுஷன்?”

“பொங்கியண்ணன் சார். உதவிப் பொறியாளர், ஓய்வு.”

“ஓ, அந்த ஈ.பி. ஆளா? விடும்மா. கோளாறுன்னா அவங்களுக்குப் பழக்கந்தானே.”

கூட்டம் சிரித்தது. சுடர்க்கொடி கேமராவை அணைத்தாள். இருட்டுத் திரையில் தன் முகம் தெரிந்தது. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு சாயங்காலம் காப்பியை எடுத்துக்கொண்டு எங்கே போய் உட்காருவது என்று அந்த முகத்துக்குத் தெரியவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. அவர் தெரிந்துகொள்ளத்தான் போகிறார். ஒரு அறிவிப்பிலிருந்து தெரிந்துகொள்ளக் கூடாது.

விலாசம் தேட வேண்டியிருக்கவில்லை. விதிகளுக்கு முற்றிலும் விரோதமாக அவர் தன் பயனர் பக்கத்திலேயே வழி சொல்லியிருந்தார்: பெட்ரோல் பங்க் தாண்டி டிரான்ஸ்ஃபார்மருக்கு எதிர்வீடு, பச்சை கேட், பெல் வேலை செய்யாது, தட்டவும்.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டுக் காலைப் பேருந்தில் ஏறினாள். ‘கரட்டுப்பாளையம் ஒரு பேரூராட்சி ஆகும்’ என்றது பேருந்தின் குரல். ‘இங்கு பேருந்து நிலையம் உள்ளது.’ அவ்வளவுதான். நிஜக் களஞ்சியத்துக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இறங்கியதும் சுடர்க்கொடி நின்றுவிட்டாள். டெய்லர் பாடிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுக்குக் கேட்டது. டிரான்ஸ்ஃபார்மரின் அடியில் நாய் படுத்திருந்தது. நிறம் சமரசத்தில் எழுதியபடியே இருந்தது. இதுவரை காலடி வைக்காத ஊரில் அவளுக்கு ஒரு சந்துகூடப் புதிதாக இல்லை.

பச்சை கேட்டைத் தட்டினாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே ஒரு அம்மாள் வந்தாள். கனத்த உடம்பு, நெற்றியில் பெரிய பொட்டு.

“யாருங் அம்மிணி?”

“பொதுக்களஞ்சியத்துல இருந்து வர்றனுங்க. சாரைப் பாக்கணும். வளர்பிறைன்னு சொன்னா அவருக்குத் தெரியும்.”

அந்த அம்மாள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். அடுத்த நொடி, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி உள்ளே பார்த்துக் கத்தினாள்.

“ஏனுங்க! இங்க வாங்க! அந்தப் புள்ளைய வெளிய உட்டுட்டாங்க!”

சுடர்க்கொடிக்கு ஒன்றும் புரியவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சாப்பாட்டு மேஜை முன்னால் உட்கார வைத்தாள் அந்த அம்மாள், பொங்கியண்ணனின் மனைவி சகுந்தலாமணி. உள்ளிருந்து பொங்கியண்ணன் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே வந்தார். நாலு வருடமாக அவள் மனதில் குண்டாக, மீசையுடன் இருந்த மனிதர் நேரில் ஒல்லியாக, மீசையில்லாமல், காதில் மெஷினுடன் இருந்தார்.

“நெசமாலுமே நீங்கதானுங்களா?” என்றார். நம்ப முடியாமல் நின்றுகொண்டே இருந்தார்.

“நான்தானுங்க சார். ஒரு விஷயம் சொல்லணும்னு வந்தேன். கொஞ்சம் உக்காருங்க.”

“நீங்க மொதல்ல தண்ணி குடிங்.”

“இல்லீங்க சார், இத சொல்லிட்டுத்தான் எதுவும்.” பேருந்தில் பலதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததெல்லாம் வரிசை மாறிப்போனது. “நீங்க நாலு வருஷமா எழுதிட்டு இருக்கீங்களே, அது நெஜக் களஞ்சியம் இல்லீங்க. அது ஒரு காப்பி. உங்களுக்கு மட்டும் தெரியற காப்பி. அதுல உங்களுக்குப் பதக்கம் குடுத்தவங்க, நன்றி சொன்னவங்க எல்லாம்...”

“மெஷினுங்” என்றார் பொங்கியண்ணன்.

சுடர்க்கொடி அவரையே பார்த்தாள்.

“மொத மாசமே தெரியுமுங் அம்மிணி. தூக்கத்தப் பத்தி நான் எழுதினத எங்க மணிய அவ போன்ல பாருன்னேன். இல்லைன்னா. என் போன்ல இருக்குது, இவ போன்ல இல்ல. லைன் எங்க கட்டாயிருக்குன்னு கண்டுபுடிக்கறதுதானுங்களே நம்ம பொழப்பு. நாலு ஊட்டுல கேட்டுப் பாத்தேன், எங்கயும் வரல. செரி, நம்மளத் தனியா பிரிச்சுக் கட்டிட்டாங்கன்னு புரிஞ்சுபோச்சு.”

“அந்தப் பதினோரு பேரு?”

“அட, அவுங்களா?” அவர் சிரித்தார். “நான் என்ன எழுதினாலும் அருமைங்கறாங்க. ஒருத்தனும் கல்யாணங் காட்சின்னு லீவு போடல. ஒருத்தனுக்கும் சளி புடிக்கல. தமிழாளுங்க பதினோரு பேரு ஒரு எடத்துல சேந்து, ஒருத்தனுக்கொருத்தன் வெட்டுக்குத்து இல்லாம இருக்கான்னா அது மெஷினு இல்லாம வேற என்னங்?”

“தெரிஞ்சுமா எழுதினீங்க?” என்றாள். “போட்டுட்டுப் போயிருக்கலாமேங்க சார்.”

பொங்கியண்ணன் தன் மனைவியைப் பார்த்தார். சகுந்தலாமணி அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாள்.

“போறதுக்குத்தான் இருந்தாரு” என்றாள் அவள். “அன்னைக்குச் சாயங்காலம் மூட்டையக் கட்டிட்டாரு. அப்பத்தான் நீ வந்து ஆதாரங் கேட்ட.”

“தேங்காய்க்குங்” என்றார் பொங்கியண்ணன். “அவ்வளவு கோவமா. மெஷினுக்கு எங்கீங் அந்தக் கோவம் வரும்? ஆகா, இங்க நெசமான ஆளு ஒண்ணு இருக்குதுன்னு தெரிஞ்சுச்சு. மணிகிட்ட வந்து சொன்னேன். இது தொந்தரவு பண்றவங்கள அடைச்சு வெக்கற எடம். நம்மளப் போட்டிருக்காங்க. நம்மளுக்கு முன்னாடியே ஒரு புள்ளையப் போட்டிருக்காங்க போல. வாயி நெம்ப ஜாஸ்தி. அதான் அடைச்சுட்டாங்க. அந்தப் புள்ளைக்கு அது காப்பின்னே தெரியல, பாவம், ஆதாரங் கேட்டுக்கிட்டுத் திரியுது.”

சுடர்க்கொடி கையில் எடுத்த டம்ளரை அப்படியே வைத்தாள்.

“நாமளும் போயிட்டா மெஷினுகளுக்கு மத்தியில தனியாக் கெடக்கும், யாருகூடச் சண்டை போடும்னு இவதான் சொன்னா. அதனால இருந்துட்டனுங்.”

“தெனமும் கேப்பேன்” என்றாள் சகுந்தலாமணி. “இன்னைக்கு அந்தப் புள்ள சாப்பிட்டுச்சான்னு கேட்டீங்களான்னு. இவரு மறந்துபோயிருவாருன்னு கடைசியா கேக்கச் சொல்லி வெச்சிருந்தேன். நீ ஒருநாளும் பதில் சொல்ல மாட்ட.”

“நடுவால கொஞ்ச நாளு காணாம போயிட்டீங்களே, அப்ப எங்களுக்கு ஒரே வெசனமுங். என்ன ஆச்சுன்னு யாரக் கேக்கறது? அந்தப் பதினோரு பேருகிட்டக் கேட்டா, அருமையான கேள்விங்கறாங்க. அப்பறம் இவதான், அந்தப் புள்ள தப்பப் பாத்தாச் சும்மா இருக்காது, ஒரு பெரிய தப்பா எழுதிப் போடுங்கன்னா. கரண்டு செவ்வாக்கெழம வேகமா ஓடும்னு போட்டேன். எழுத மனசே வரலீங் அம்மிணி. முப்பது வருசம் சர்வீசு.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ரெண்டு பக்கத்துக்கு வைதீங்க பாருங்க, அன்னைக்குத்தான் இவ சோறு உண்டா.”

கருணை என்று பெயர் வைப்பதற்கு மூன்று அமர்வு உட்கார்ந்தவர்களில் சுடர்க்கொடியும் ஒருத்தி. கை தூக்கி வாக்களித்தவள்.

“அது கெடக்குது” என்று எதிர்நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள் சகுந்தலாமணி. “உன்னைய எதுக்கு கண்ணு அடைச்சாங்க? இவராச்சும் கண்டதக் கிறுக்குனாரு. நீ என்ன பண்ணுன?”

எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அந்த வீட்டில் அவளைப் பற்றி இருந்த நம்பிக்கை அத்தனை நன்றாக இருந்தது. இரண்டு பேர் அதை நாலு வருடமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள். ஒரே ஒரு தப்பை மட்டும் திருத்தாமல் விட்டுவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

“என்னை யாரும் அடைக்கலீங்கம்மா” என்றாள். “நான்தான் சாரை அடைச்சது. நான் நிர்வாகி. பொத்தானை அழுத்தினதே நான்தான். உள்ள வந்தது அவரு எப்படி இருக்காருன்னு பாக்கறதுக்கு. வெள்ளிக்கெழமை எல்லாத்தையும் அழிச்சுருவாங்க. அதச் சொல்லத்தான் வந்தேன்.”

குக்கர் ஒரு விசில் அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. டெய்லர் பாட்டு ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. சுடர்க்கொடி பையைத் தோளில் மாட்டிக்கொள்வதற்காக எடுத்தாள்.

“அப்ப,” என்றார் பொங்கியண்ணன் மெதுவாக, ஒயரைத் தடவிக்கொண்டே கோளாறைத் தேடிப் போகிறவர் போல, “உங்களுக்கு அந்தக் கதவு பூட்டியிருக்கலைங்களா?”

“இல்லீங்க சார்.”

“எப்ப வேணும்னாலும் வெளிய போயிருக்கலாம்.”

“ஆமாங்க.”

“எப்பவாவது ஒருக்கா வந்து பாத்தாப் போதுமுங்களா?”

“போதுங்க. அதுதான் விதி.”

“தெனமும் வந்தீங்களே அம்மிணி.”

ஆதாரம் எல்லாம் அவர் பக்கம் இருந்தது.

சகுந்தலாமணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் அடுப்பை அணைத்தாள்.

“இவரு அது காப்பின்னு தெரிஞ்சே உக்காந்திருக்காரு. நீ கதவு தெறந்திருக்குதுன்னு தெரிஞ்சே உக்காந்திருக்க” என்று அங்கிருந்தே சொன்னாள். “தெறந்துபோட்ட ஊட்டுக்குள்ள ரெண்டு பேரும் நாலு வருசம் உக்காந்து நாயி என்ன கலருன்னு சண்டை போட்டிருக்கீங்க. படிச்சவங்க.”

பொங்கியண்ணனின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா என்று முதலில் தெரியவில்லை, சிரிப்புதான்.

“எழுதினதெல்லாம் போயிருமே சார்” என்றாள் சுடர்க்கொடி. “நான் எடுத்து வெச்சுடட்டுங்களா? விதிப்படி முடியாது. ஆனா முடியும்.”

“எதுக்குங்? நான் எழுதினத நீங்க படிச்சாச்சு. நீங்க அடிச்சத நான் படிச்சாச்சு. வேற யாருக்குங் அது?” சற்று யோசித்தார். “அந்தக் கல்யாண வரிய மட்டும் நெசக் களஞ்சியத்துல போட முடியுங்களா?”

“முடியாதுங்க. ஆதாரம் இல்ல.”

“இதா நிக்கறாளே ஆதாரம்.”

“ஆளெல்லாம் ஆதாரம் ஆகாதுங்க சார். எத்தனை தடவ சொல்றது? அச்சுல வந்திருக்கணும்.”

“பாத்தியா மணி” என்றார் அவர், மெடல் வாங்கியவர் போல.

சகுந்தலாமணி தட்டில் நாலு இட்லியை வைத்து, மேலே ஒரு கரண்டி சட்னியை ஊற்றி, சுடர்க்கொடியின் முன்னால் நகர்த்தினாள். பையை வாங்கி ஆணியில் மாட்டினாள். “வெள்ளிக்கெழம அவுங்க அழிக்கறத அழிக்கட்டும். ஞாயித்துக்கெழம பஸ் காலையிலயே இருக்குது. வந்து நேராவே கத்துங்க. எனக்கும் பொழுது போகும். உண்ணு மொதல்ல.”

சுடர்க்கொடி ஒரு விள்ளல் பிட்டு, தொட்டு, வாயில் போட்டாள். இரண்டு பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் மென்றாள். நன்றி சொல்லவேண்டிய நேரம் என்று அவளுக்குத் தெரிந்தது. பதினோரு பேர் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதும் தெரிந்தது.

“சட்னியில உப்பு கொஞ்சம் கம்மிங்கம்மா” என்றாள்.

சகுந்தலாமணி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

“அவளேதானுங்க” என்றாள், உப்பு ஜாடியை எடுக்கப் போனாள்.